மூணாவது சந்துல மோந்து பாக்காம ஓடின நாய்: பழைய வண்ணாரப்பேட்டைலேர்ந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நாய் யோசிக்குமா, இல்ல வெறும் பழக்கத்துல ஓடுதான்னு எங்க ஏரியால யார கேட்டாலும் ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு, "அதுக்கு எல்லாம் தெரியும்பா, வாய் மட்டும்தான் இல்ல". இன்னொண்ணு, "நாய்க்கு இன்னா தெரியும், சோத்த காட்டுனா வரும்". ரெண்டுமே கூர்ந்து பாக்காம சொல்றது. நான் இங்க எழுதப்போறது ஒரே ஒரு தெருநாய், சந்து பிரியற ஒரே ஒரு இடம், அங்க திரும்பத் திரும்ப நடந்த ஒரே ஒரு விஷயம். அத வச்சு மிருகங்களுக்கு பகுத்தறிவு உண்டா இல்லையான்னு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா இந்த ஒரு விஷயத்துல என்ன நடக்குதுன்னு ஒவ்வொரு சந்தேகமா எடுத்து பாத்தா கொஞ்ச தூரம் உறுதியா போக முடியும், அந்த கொஞ்ச தூரமே எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

இடம், ஆள், நாய்

காசிமேடு மீன்பிடி துறைமுகத்துலேர்ந்து மேக்கால வந்தா பழைய வண்ணாரப்பேட்டை. எங்க தெரு ஒரு சிண்டெக்ஸ் டேங்க் கிட்ட வந்து மூணு சந்தா பிரியும். இடது பக்கம் கோயில் சந்து, நேரா பிரஸ் சந்து (அங்க முன்னாடி ஒரு அச்சாபீஸ் இருந்துச்சு), வலது பக்கம் கிணத்து சந்து. மூணுமே ஒரு பைக்கும் ஒரு ஆளும் எதிர் எதிரா வந்தா ஒருத்தர் வாசப்படி ஏறி நிக்கணும், அவ்ளோதான் அகலம். மூணுலயும் உள்ள கொஞ்ச தூரத்துல ஒரு வளைவு இருக்கு, அதனால டேங்க் கிட்ட நின்னு பாத்தா உள்ள யார் உக்காந்திருக்காங்கன்னு தெரியாது. டேங்க்குக்கு எதிர்ல டீக்கடை. எங்க வீட்டு மொட்ட மாடிலேர்ந்து இந்த எடம் முழுசா தெரியும், அங்கதான் நான் பசங்களுக்கு டியூசன் எடுக்கறேன்.

மீன் விக்கற அக்கா ஒருத்தங்க, விடியறதுக்கு முன்னாடியே காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து அலுமினிய கூடைல போட்டு ஷேர் ஆட்டோல வந்து எறங்கி, இந்த மூணு சந்துலயும் நடந்து விப்பாங்க. சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, என்னைக்காவது வஞ்சரம். வீட்டு வாசப்படிலயே உக்காந்து அருவாமனைல ஆஞ்சு குடுப்பாங்க, அந்த செவுளு, குடலு, சில சமயம் தல, எல்லாம் பேப்பர்ல வச்சு நாய்க்கு. எந்த சந்துக்கு மொதல்ல போவாங்கன்னு ஒரு கணக்கும் கிடையாது, ராத்திரி யார் போன் போட்டு சொல்லி வச்சாங்களோ அவங்க வீட்டுக்கு மொதல்ல. இது முக்கியம், ஏன்னா இன்னைக்கு எந்த சந்துன்னு நாய் முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்க வழியே இல்ல.

நாய் பேரு பிரவுனி. பொட்ட நாய், நெஞ்சுல மட்டும் வெள்ள, கருத்தடை பண்ண அடையாளமா ஒரு காதுல வெட்டு இருக்கு. வாரநாள்ல அக்கா வர்ற நேரத்துக்கு டேங்க் கீழயே படுத்திருக்கும், அக்கா வந்ததும் பின்னாடியே போயிடும், அதுல ஆராய ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமதான் விஷயம். அன்னைக்கு அது மெயின் ரோட்டு கறிக்கடைல காத்துக்கிட்டு இருந்துட்டு லேட்டா வரும், அதுக்குள்ள அக்கா ஏதோ ஒரு சந்துக்குள்ள போய் உக்காந்திருப்பாங்க.

என்ன நடந்துச்சு

லேட்டா வர்ற நாள்ல பிரவுனி பண்றது இதுதான். டேங்க் கிட்ட வந்து நிக்கும். கோயில் சந்து வாய்க்கு போய் மூக்க தரைல வச்சு காவா ஓரமாவே ஒரு ரெண்டு வாசப்படி வரைக்கும் மோந்துக்கிட்டு போகும். அக்கா அந்த பக்கம் போயிருந்தா மூக்க எடுக்காம அப்படியே உள்ள போயிடும். இல்லன்னா திரும்பி வந்து பிரஸ் சந்துல அதே மாதிரி மோந்து பாக்கும். அங்கயும் இல்லன்னா, கிணத்து சந்துக்குள்ள தலய தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடும். மூக்கு தரைக்கு போகவே போகாது.

ரெண்டு சந்துல மோந்து பாத்த நாய் மூணாவது சந்துல ஏன் மோந்து பாக்கல?

இந்த கேள்வி ரொம்ப பழசு. கிமு 3ஆம் நூற்றாண்டுல கிரேக்கத்துல கிரிசிப்பஸ்னு ஒரு ஸ்டோயிக் தத்துவ அறிஞர் இதே மாதிரி ஒரு வேட்ட நாய பத்தி சொன்னதா பின்னாடி வந்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ்ங்கற தத்துவக்காரர் எழுதி வச்சிருக்கார். வேட்டய தொரத்தின நாய் மூணு வழி பிரியற எடத்துக்கு வருது, ரெண்டு வழிய மோந்து பாக்குது, வாசன இல்ல, மூணாவது வழில மோக்காமலே பாயுது. அதாவது "இந்த வழி, இல்ல அந்த வழி, இல்ல அதுக்கடுத்த வழி, மொத ரெண்டும் இல்ல, அப்ப மூணாவது"ன்னு நாய் ஒரு தர்க்கத்த போட்ட மாதிரி இருக்குன்னு. இதுல கவனிக்க வேண்டியது, ஸ்டோயிக் ஆளுங்க மிருகத்துக்கு பகுத்தறிவே கிடையாதுன்னு சாதிச்சவங்க, அவங்க வாயிலேர்ந்தே வந்த இந்த நாய் கதைய எடுத்துத்தான் செக்ஸ்டஸ் அவங்கள மடக்கறார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல தத்துவக்காரங்க இந்த நாய வச்சு சண்ட போட்டிருக்காங்க, ஆனா யாரும் ரொம்ப காலத்துக்கு அந்த நாய கிட்ட போய் பாக்கல. எங்க தெருல அது கண்ணு முன்னாடி ஓடுது, பாக்காம விட எனக்கு மனசு வரல.

மொதல்ல சந்தேகங்கள்

லாயிட் மார்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1894ல ஒரு விதி சொன்னார், ஒரு மிருகம் பண்ற காரியத்த கீழ்மட்ட திறமைய வச்சே விளக்க முடியும்னா மேல்மட்ட அறிவு இருக்குன்னு சொல்லாதன்னு. அவர் வளத்த டோனிங்கற நாய் வீட்டு கேட் தாழ்ப்பாள தலயால தூக்கி தொறந்துக்கிட்டு வெளிய ஓடும், பாத்தவங்க எல்லாம் அதுக்கு தாழ்ப்பாள் எப்படி வேல செய்யுதுன்னு புரிஞ்சிருக்குன்னு நெனைப்பாங்க. ஆனா மார்கன் ஆரம்பத்துலேர்ந்து பாத்தவர், அது கம்பிக்கு நடுவுல தலய விட்டு வேடிக்க பாத்தப்போ தாழ்ப்பாள் தற்செயலா தூக்கிக்கிச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழகிடுச்சு. கடைசி காட்சிய மட்டும் பாத்து தீர்ப்பு சொல்லக்கூடாதுங்கறது நியாயமான விதி, பிரவுனிக்கும் அத வைக்கணும்.

அப்படி வச்சா நாலு சந்தேகம் வருது. சத்தம், மனுசங்க பார்வ, வாசன, பழக்கம்.

சத்தம் சீக்கிரம் தீந்துடும். அக்கா "சங்கராஆ, நெத்திலீ"ன்னு கூவறது சந்துக்குள்ள நுழையும்போது மட்டும்தான், உக்காந்து ஆய ஆரம்பிச்சப்புறம் கூவ மாட்டாங்க, ஞாயித்துக்கிழம யார் வீட்லயாவது ஸ்பீக்கர்ல பாட்டு வேற ஓடிக்கிட்டே இருக்கும், அதுல அருவாமனை சத்தம் எல்லாம் வளைவ தாண்டி வர வாய்ப்பு இல்ல. அப்படியே கேட்டாலும், மொத ரெண்டு சந்துல மோந்து பாக்க வேண்டிய அவசியமே இருக்காது, நேரா போயிடலாம்.

மனுசங்க பார்வ கஷ்டமான சந்தேகம். பெர்லின்ல 1900கள்ல ஹான்ஸ்னு ஒரு குதிர கணக்கு போடுதுன்னு ஊரே நம்புச்சு, கூட்டல் கழித்தல் எல்லாம் காலால தட்டி பதில் சொல்லும். 1907ல ஆஸ்கர் ஃபுங்க்ஸ்ட் அத விடாம சோதிச்சு கண்டுபிடிச்சது, கேள்வி கேக்கறவருக்கே பதில் தெரியலன்னா குதிரைக்கும் தெரியல. சரியான எண்ண நெருங்கும்போது கேக்கறவர் தனக்கே தெரியாம தலய லேசா அசைக்கறார், குதிர அத பாத்து நிறுத்துது. எங்க டீக்கடைல உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் அக்கா எந்த சந்துல இருக்காங்கன்னு தெரியும், நாய் வந்து நின்னா அந்த பக்கம் ஒரு பார்வ போகத்தான் செய்யும். மாடிலேர்ந்து போன்ல வீடியோ எடுத்து பாத்தப்போ பிரவுனி சில நாள் டீக்கடைய ஒரு தடவ திரும்பி பாக்கறது தெரிஞ்சுது. ஆக இந்த சந்தேகத்த சும்மா ஒதுக்க முடியாது.

வாசன இன்னும் பலமான சந்தேகம். ரெண்டாவது சந்துலேர்ந்து திரும்பி வரும்போதே மூணாவது சந்து வாசன காத்துல மூக்குக்கு வந்துடுச்சுன்னா? அப்ப மூக்க தரைல வைக்கவே வேண்டாம். நாய் மூக்க குறைச்சு எடை போடறவன் நாய பத்தி பேசவே கூடாது.

அக்கா வராத ஞாயித்துக்கிழம

இந்த ரெண்டு சந்தேகமும் ஒரே நாள்ல ஒடஞ்சுது. அக்கா பழவேற்காட்டுல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போயிட்டாங்க, அன்னைக்கு மீனே வரல. டீக்கடைல எல்லாருக்கும் தெரியும் அக்கா ஊர்ல இல்லன்னு, அதனால எந்த சந்து பக்கமும் யாரும் பாக்க காரணம் இல்ல. மூணு சந்துலயும் புது வாசன கிடையாது, இருந்தா முந்தின நாள் பழைய வாசன, அதுவும் மூணுலயும் இருக்கும், ஏன்னா அக்கா தெனமும் மூணுலயும் போறவங்க.

பிரவுனி வழக்கம்போல கறிக்கடைலேர்ந்து வந்துச்சு. கோயில் சந்துல மூக்க வச்சு காவா மூடி மேல, மொத வாசப்படி, ரெண்டாவது வாசப்படி, அங்க யாரோ கோலத்துக்கு தெளிச்ச தண்ணில மூக்கு பட்டு ஒரு தும்மல், திரும்பிடுச்சு. பிரஸ் சந்துல இன்னும் கொஞ்சம் உள்ள போச்சு, நின்னுச்சு, காத்துல மூக்க தூக்கி பாத்துச்சு, திரும்பிடுச்சு. அப்புறம் காது ரெண்டும் முன்னாடி வந்துச்சு, கிணத்து சந்துக்குள்ள தலய தூக்கிக்கிட்டு ஓட்டம். வளைவ தாண்டி, கம்பி போட்டு மூடின கிணத்துக்கு பக்கத்துல, அக்கா எப்பவும் உக்கார்ற வாசப்படி வரைக்கும் ஓடிச்சு. அங்க நின்னுச்சு. இடது பக்கம் பாத்துச்சு, வலது பக்கம் பாத்துச்சு. அதுக்கப்புறம்தான், அந்த சந்துக்குள்ள மொத தடவையா, மூக்கு தரைக்கு போச்சு. (எங்க மாடி சுவர் அந்த பக்கமும் தெரியற மாதிரி இருக்கறதால இது முழுசும் வீடியோல இருக்கு.)

இந்த ஒரு காட்சிய நான் ரொம்ப பெருசா எடுத்துக்கறேன், ஏன்னு சொல்றேன். வாசன இழுத்துக்கிட்டு போயிருந்தா வாசன இல்லாத சந்துக்குள்ள ஓடியிருக்காது. யாரோட பார்வையோ வழிகாட்டியிருக்கும்னா, அன்னைக்கு எந்த சந்து பக்கமும் பாக்க யாருக்கும் காரணமே இல்ல. அது தப்பான முடிவுக்குத்தான் வந்துச்சு, அக்கா அங்க இல்ல. ஆனா "அக்கா வந்திருக்காங்க, மூணுல ஒரு சந்துல இருக்காங்க, இதுல இல்ல, அதுல இல்ல"ன்னு ஆரம்பிச்சா வரவேண்டிய முடிவு அதுதான். ஆரம்பிச்ச எடம் தப்பு, நடந்த வழி சரி. யோசிக்கற ஒரு ஜீவன் எப்படி தப்பு பண்ணுமோ அப்படி தப்பு பண்ணுச்சு. சரியான பதில் வேற ஆயிரம் வழில வரலாம், இந்த மாதிரி தப்பு பதில் வர வேற வழி யோசிக்கறது கஷ்டம்.

பழக்கமா இருந்தா?

கஷ்டம்தான், ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு. "ரெண்டு தடவ மோ, மூணாவது தடவ ஓடு"ன்னு உடம்புல ஒரு வரிச பதிஞ்சிருக்கலாம், டோனி தாழ்ப்பாள தூக்கின மாதிரி. மூணாவது சந்துக்குள்ள ஓடினப்பெல்லாம் மீன் கெடச்சிருக்கு, அந்த ருசி அந்த வரிசய கெட்டிப்படுத்தியிருக்கும். மூளைல "அப்படின்னா"ங்கற யோசன எதுவும் இல்லாமலே இது நடக்கும். நான் பேசின ஆளுங்கள்ல இந்த சந்தேகத்த கெளப்பினது டியூசன் வர்ற ஒரு எட்டாவது படிக்கற பொண்ணு, பெரியவங்க யாரும் இல்ல.

இதுக்கு பதில் காவா வேலைலேர்ந்து வந்துச்சு. கோயில் சந்து வாய்ல பள்ளம் தோண்டி தகர ஷீட் வச்சு முழுசா அடச்சுட்டாங்க, ஆள் போக வர பின்பக்கம் சுத்தணும், அக்காவும் அந்த சந்துக்கு போறத நிறுத்திட்டாங்க. மொத ஞாயித்துக்கிழம பிரவுனி தகரத்துக்கிட்ட போய் நின்னு பாத்துட்டு திரும்பிச்சு, மோக்கல. பிரஸ் சந்துல மோந்து பாத்துச்சு, இல்ல. உடனே கிணத்து சந்துக்குள்ள ஓட்டம். இப்ப மோந்தது ஒரு தடவதான். வரிச பழக்கமா இருந்தா கிணத்து சந்து ரெண்டாவது மோப்பமா வந்திருக்கணும். அது எத்தன தடவ மோந்தோம்னு பாத்து ஓடல, எத்தன சந்து மிச்சம் இருக்குன்னு பாத்து ஓடுது. காவா வேல ரொம்ப நாள் இழுத்துச்சு, இந்த விஷயத்துக்கு அது உதவியா இருந்துச்சு, அந்த வாரங்கள் முழுக்க பெரும்பாலும் இதே மாதிரிதான்.

தடைக்காலத்துல ஒண்ணு பாத்தேன், அதையும் சேத்துடறேன். கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகக்கூடாது, மீன் இனப்பெருக்க காலம். அந்த நாள்ல அக்கா மீன விட்டுட்டு கீர விப்பாங்க, அதே சந்து, அதே கூவல், பிரவுனிக்கு செவுளுக்கு பதில் டீக்கடைல வாங்கின பொறை. பிரவுனி தேடறது கொறையவே இல்ல. அக்காவோட சொந்த வாசன இருக்கத்தான் செய்யும், அத யாரும் கழுவ முடியாது, ஆனா மீன் நாத்தம் இழுக்குதுங்கற விளக்கம் அதோட காலி. அது ஒரு ஆள தேடுது.

எதிர் சாட்சி

எனக்கு சாதகமான விஷயத்த மட்டும் சொன்னா இது ஆய்வு இல்ல. ஜான் வாட்சனும் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்களும் 2001ல கிட்டத்தட்ட இதே கேள்விய சோதிச்சாங்க. ஒரு பொருள வரிசையா இருக்கற மறைவுகள்ல ஏதோ ஒண்ணுக்கு பின்னாடி வச்சுட்டு, நாயையும் குழந்தைங்களையும் தேட விட்டாங்க. மொத மறைவு காலி, ரெண்டாவதும் காலி, இப்ப கடைசி மறைவுக்கு எவ்ளோ வேகமா போறாங்கன்னு அளந்தாங்க. யோசிச்சு தேடறவங்களுக்கு ரெண்டு காலின்னதும் மூணாவதுல நிச்சயம் இருக்குன்னு வேகம் கூடணும். வெறும் பழக்கத்துல தேடறதுக்கு ஏமாற ஏமாற வேகம் கொறையணும். குழந்தைங்க வேகம் கூடுச்சு, நாய்ங்க வேகம் கொறஞ்சுது.

இது கிரிசிப்பஸ் நாய்க்கு நேர் அடி. பிரவுனி வீடியோல மூணாவது சந்துல வேகம் கூடறது கண்ணால பாத்தாலே தெரியுது, மொத ரெண்டு சந்துக்கு நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல ஒரு போக்குல போகும், கடைசிக்கு நாலு கால் பாய்ச்சல். ஏன் இந்த வித்தியாசம்? என் கருத்து இது, கருத்துன்னே எடுத்துக்கங்க. அந்த சோதனைல பொருள ஒளிச்சு வச்சது மனுசன், தேட சொன்னது மனுசன், நாய்க்கு அது மனுசனோட வெளையாட்டு, ரெண்டு தடவ காலின்னதும் அது மனுசன் மூஞ்சிய பாத்து காத்திருக்கும். சந்துல பிரவுனிய யாரும் தேட சொல்லல. பசி அதோடது, தேடலும் அதோடது.

இந்த கருத்த சோதிக்க முடியும்னு தோணுச்சு, அதனால ரெண்டு கிண்ண சோதன.

ரெண்டு கிண்ணம், ஒரு நூல்

ரெண்டு ஒரே மாதிரி எவர்சில்வர் கிண்ணம், ரெண்டுலயும் மீன் தலய தேச்சு எடுத்தாச்சு, அப்ப வாசன வச்சு பிரிக்க முடியாது. ஒரு அட்டைக்கு பின்னாடி ஒரு கிண்ணத்துக்கு அடியில மட்டும் வேகவச்ச சங்கரா துண்டு, ரெண்டையும் கவுத்து வச்சு அட்டைய எடுக்கணும். அப்புறம் காலியா இருக்கற கிண்ணத்த தூக்கி காட்டணும், பாரு இதுல இல்லன்னு. யோசிக்கற நாய் மத்தத்துக்கு போகணும். யோசப் கால்ங்கற ஆராய்ச்சியாளர் 2004ல மனிதக்குரங்குங்கள வச்சு பண்ண சோதனையோட எளிய வடிவம் இது, அவர் காலி டப்பாவ ஆட்டி காட்டினார், சத்தம் வரலன்னா சாப்பாடு மத்தத்துல இருக்குன்னு சில மனிதக்குரங்குங்க கண்டுபிடிச்சுது.

பிரவுனி என்ன பண்ணுச்சுன்னா, நான் தூக்கி காட்டின காலி கிண்ணத்துக்கே வந்துச்சு. காலின்னு கண்ணால பாத்துட்டு, அதே கிண்ணத்த மூக்கால தள்ளிச்சு. மறுபடி மறுபடி அதேதான். டீக்கடை அண்ணன் பக்கத்துல நின்னு பாத்துட்டு, "இன்னாபா, ஞாயித்துக்கிழம ஓடற அறிவு இங்க எங்க போச்சு"ன்னார், நியாயமான கேள்வி.

அப்புறம் கிண்ணத்த கையால தொடல. கிண்ணத்து விளிம்புல ஒட்டின வளையத்துல நூல் கட்டி, ரெண்டு நூலையும் கதவுக்கு பின்னாடி கொண்டுபோய், அங்கேர்ந்து காலி கிண்ணத்த மட்டும் தூக்கி இறக்கினோம், ஆள் கண்ணுக்கு தெரியாது, கை கிடையாது, பார்வ கிடையாது. பிரவுனி தூக்கின கிண்ணத்த பாத்துச்சு, தலய சாய்ச்சுது, நேரா மத்த கிண்ணத்துக்கு போய் தள்ளிச்சு. எப்பவும் சரியா பண்ணல, ஆனா தப்பவிட சரி நெறைய.

இது எங்க தெரு நாய்க்கு மட்டும் உள்ளது இல்ல. ஹங்கேரில எர்டோஹெகி குழு 2007ல வீட்டு நாய்ங்கள்ட்ட இதையேதான் பாத்தாங்க, மனுசன் கை எந்த பக்கம்ங்கற குறிப்ப சமப்படுத்திட்டா நாய் விலக்கி யோசிக்குது, மனுசன் கை ஒரு பக்கம் மட்டும் பட்டா யோசனய விட்டுட்டு கை பின்னாடி போயிடுது. நம்ம ஊர் தெருநாய்ங்கள வச்சு கொல்கத்தா ஐசர்ங்கற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல அனிந்திதா பத்ரா குழு 2020ல வெளியிட்டது இன்னும் நெருக்கமா பொருந்தும், யாரும் பழக்காத தெருநாய்ங்களே, கிட்ட வர தைரியப்பட்டதுங்கள்ல பெரும்பாலானது, முன்ன பின்ன தெரியாத மனுசன் கை காட்டின கிண்ணத்துக்கு போகுது.

இத "பாத்தியா, நாய்க்கு யோசன இல்ல, கைய பாத்து போகுது"ன்னு முடிக்கறவங்க உண்டு. எனக்கு அது சரியா படல. தெருநாய் வாழ்க்கைல சாப்பாடு எங்கேர்ந்து வருது? மனுசன் கையிலேர்ந்து. கல்லும் அங்கேர்ந்துதான் வருது. தன்னோட கணக்கும் மனுசன் கையும் முரண்பட்டா எத நம்பறது நல்லதுன்னு கேட்டா, எங்க சந்துல பொறந்து வளந்த ஜீவனுக்கு கை பின்னாடி போறதுதான் பெரும்பாலும் லாபம். யோசன இல்லாததால கை பின்னாடி போகல, அந்த நம்பிக்க யோசனய விட கனமா இருக்கு. இத நெனச்சா எனக்கு கொஞ்சம் வலிக்கவும் செய்யுது, நம்ம கைய அது கண்ணால பாத்தத விட அதிகமா நம்புது.

நாலு கிண்ணம்: இங்க தடுமாறுது

"இல்ல"ங்கறதுலேர்ந்து "அப்ப நிச்சயம் அங்க"ங்கறது வரைக்கும் ஒரு தூரம் இருக்கு. ரெண்டு கிண்ணம் வச்சா அந்த தூரம் தெரியாது, ஏன்னா ஒண்ணு காலின்னதும் மிச்சம் இருக்கறது ஒண்ணுதான், அத எடுக்க தர்க்கம் வேணும்னு இல்ல, காலிய தவிர்த்தாலே போதும். அதனால மோடி, கேரிங்கற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2016ல குழந்தைங்களுக்கு நாலு கிண்ணம் வச்சாங்க. ஜோடி ஜோடியா ரெண்டு ஜோடி, ஒவ்வொரு ஜோடிலயும் ஒண்ணுல பொருள் இருக்கு. ஒரு ஜோடில ஒண்ண காலின்னு காட்டினா, அதோட ஜோடில நிச்சயம் இருக்கு, மத்த ஜோடில ரெண்டுமே "இருக்கலாம்"தான். ரெண்டரை வயசு குழந்தைங்க தடுமாறினாங்க, மூணு வயசுக்கு மேல பண்ணாங்க. ஐரீன் பெப்பர்பெர்க்ங்கற ஆராய்ச்சியாளர் வளத்த கிரிஃபின்ங்கற சாம்பல் கிளி இத பண்ணிடுச்சு, அந்த ஆய்வு 2019ல வெளிவந்துச்சு.

பிரவுனி பண்ணல. காலி கிண்ணத்த ஒழுங்கா ஒதுக்குது, ஆனா மிச்சம் மூணுல எது நிச்சயம்னு பிரிக்கல, இன்னைக்கு இது நாளைக்கு அதுன்னு போகுது, கிட்ட இருக்கறதுக்கு கொஞ்சம் அதிகமா போகுது. ஆக கிண்ணத்துல அது காட்டினது விலக்கறது மட்டும், நிச்சயம்ங்கறத அது காட்டல.

அப்ப சந்துல மோக்காம ஓடினது என்ன? அங்க நிச்சயம் இருந்த மாதிரிதான் நடந்துக்குச்சு, நிச்சயம் இல்லன்னா ஒரு தடவ மோந்து பாத்துட்டு ஓடறதுல அதுக்கு என்ன நட்டம். என்னோட முடிவு, பிரவுனிக்கு விலக்கி யோசிக்கற திறம இருக்கு, அந்த திறம அதுக்கு பழகின எடத்தோட, அது தேடற ஆளோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கிண்ணம் மாதிரி வெறும் புதிர்க்கு அத தூக்கிக்கிட்டு போக முடியல. மனுசங்க நாம அத எங்க வேணா தூக்கிக்கிட்டு போறோம், நம்மகிட்ட மொழி இருக்கு, காகிதம் இருக்கு. வித்தியாசம் பெருசு, ஆனா அது "யோசன உண்டு, யோசன இல்ல"ங்கற வித்தியாசம் கிடையாது. தொல்காப்பியம் மரபியல்ல மனுசனுக்கு ஆறறிவு, விலங்குக்கு ஐந்தறிவுன்னு பிரிக்கறத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, அதே எடத்துல உரையாசிரியர் இளம்பூரணர் பாடத்துல "ஒருசார் விலங்கும் உளவென மொழிப"ன்னு ஒரு வரி இருக்கு, ஆறறிவுல சில விலங்கும் உண்டுன்னு. பிரிச்சவங்களே கதவ முழுசா சாத்தல.

திறம எடத்தோட ஒட்டியிருக்குன்னு சொன்னதுல ஒரு நடைமுற விஷயம் இருக்கு. கருத்தடை பண்ற நாய பிடிச்ச எடத்துலயே திரும்ப விடணும்னு 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதி சொல்லுது, காரணமா எல்லாரும் சொல்றது எல்ல சண்ட, புது நாய் வந்து நெரப்பறது. பிரவுனிய பாத்தப்புறம் நான் இன்னொண்ணும் சேப்பேன். அதுக்கு தெரிஞ்சது மூணு சந்து, ஒரு டேங்க், ஒரு கறிக்கடை, ஒரு அக்கா. அத வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டா அதோட மூக்கும் காலும் கூட போகும், எத வச்சு யோசிக்குதோ அது மொத்தமும் இங்கயே நின்னுடும்.

மிச்சம் ஒரு சோதன இருக்கு. நாலு கிண்ணத்த கிண்ணமா வைக்காம சந்தாவே வைக்கறது: டேங்க் கிட்ட கோயில் சந்தும் பிரஸ் சந்தும் ஒரு ஜோடி, அதுக்கு அப்பால கிணத்து சந்து கடைசில இன்னொரு பிரிவு இருக்கு, அங்க ரெண்டு வழி இன்னொரு ஜோடி. அக்காவும் அவங்க தங்கச்சியும் ஆளுக்கு ஒரு பிரிவுல உக்காந்தா, ஜோடி ஜோடியா அதே கேள்விய பிரவுனியோட சொந்த தெருவுலயே கேக்கலாம். அக்காட்ட கேட்டேன். "செய் கண்ணு, ஆனா அது ஓடி வந்து பாக்கசொல்ல நான் இல்லன்னு மட்டும் ஆக்காத, அன்னைக்கு கல்யாணத்துக்கு போனதுக்கே அடுத்த நாள் முழுக்க கூடைய விட்டு நகரல"ன்னாங்க. அதனால எந்த சந்துன்னு மாத்தலாம், ஆளே இல்லாத ஞாயித்துக்கிழம இனிமே சோதனைக்காக கிடையாது.